பேக்கலண்டும் பேக்கலைட்டும்

நம் வீட்டு அடுக்களையில் உள்ள பிரஷர் குக்கரின் கைப்பிடியை உற்று நோக்கியிருக்கிறீர்களா? கீழே அடுப்பு கனன்று எரிகின்றது. உள்ளே நீராவி சீறுகின்றது. ஆயினும் அக்கைப்பிடியைப் பற்றித் தூக்கும் தாயின் கை சுடுவதில்லை. கைப்பிடியும் இளகுவதில்லை, உருகுவதில்லை. பழைய வீடுகளின் சுவர்களில் காணப்பட்ட வட்ட வடிவமான கறுப்புச் சுவிச்சுகளும், அலுவலக மேசைகளில் நெடுங்காலம் வீற்றிருந்த கனத்த கறுப்புத் தொலைபேசிகளும் இவ்வினத்தைச் சேர்ந்த பொருளால் ஆக்கப்பெற்றவையே. அப்பொருளின் பெயர் பேக்கலைட்டு என்பதாகும். பார்வைக்கு அது ஒரே பொருள்போல் தோன்றும். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் முறிந்த பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், அது தனிப்பொருள் அன்று, பிசினும் மரத்தூளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் ஒரு கூட்டுப்பொருள் என்பது விளங்கும். அதனைத் தம் அறிவாலும் உழைப்பாலும் ஆக்கி உலகுக்கு அளித்தவர் லியோ ஹெண்ட்ரிக் பேக்கலண்டு என்னும் பெருமகனார்.

பெல்ஜிய நாட்டிலே கெண்ட் என்பது பழம்பெருமை வாய்ந்த ஒரு நகரம். அங்கே 1863-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பேக்கலண்டு பிறந்தார். அவருடைய தந்தையார் காலணி செப்பனிடும் தொழிலாளி. தாயார் திருமணத்திற்கு முன் செல்வர் இல்லங்களில் பணிப்பெண்ணாக இருந்தவர். மகனும் தம்மைப் போலவே தோலையும் ஊசியையும் கையில் எடுத்துக் குடும்பத்திற்குத் துணை செய்தல் வேண்டும் எனத் தந்தையார் விரும்பினார். வறுமை வாட்டும் குடும்பத்தில் அவ்விருப்பம் எழுந்ததில் வியப்பில்லை. ஆயின், பிற வீடுகளில் உழைத்துக் கல்வியின் அருமையைக் கண்ணாரக் கண்ட தாயார், மகனைப் பள்ளியினின்று நிறுத்த இசையவில்லை. அவ்வம்மையாரின் உறுதி வென்றது.

பகலிற் பள்ளியிலும், மாலையில் நகராண்மைத் தொழிற்கல்விக் கூடத்திலும் சிறுவர் பயின்றார். இரசாயனம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அக்காலத்திற் புகைப்படக் கலை வளரத் தொடங்கியிருந்தது. அதிலும் அவருக்கு ஆசை பிறந்தது. படம் எடுக்க வெள்ளி உப்பு வேண்டும். வாங்குவதற்கோ பணம் இல்லை. தந்தையார் பரிசாக அளித்த கடிகாரச் சங்கிலி வெள்ளியாலானது. அச்சங்கிலியை அமிலத்திற் கரைத்து, அதிற் கலந்திருந்த செம்பைப் பிரித்து நீக்கித் தமக்கு வேண்டிய வெள்ளி உப்பைத் தாமே ஆக்கிக்கொண்டார் என்று கூறுவர். தந்தையார் இதை அறிந்தபோது என் செய்தார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நகரத்தார் அளித்த உதவிச் சம்பளத்தைக் கொண்டு கெண்ட் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, 21-ஆம் வயதிலேயே, அதாவது 1884-இல், சிறந்த தகுதியுடன் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியப் பணியும் ஏற்றார். தம் பேராசிரியர் சுவார்ட்ஸ் என்பாரின் மகளாகிய செலீன் அம்மையாரை 1889-இல் மணந்துகொண்டார். அவ்வாண்டிலேயே பயண உதவித்தொகை ஒன்றைக் கொண்டு மணமக்கள் இருவரும் கடல் கடந்து அமெரிக்கா சென்றனர். சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்காகச் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். நியூயார்க்கு நகரில் புகைப்படப் பொருள்களை விற்கும் நிறுவனம் ஒன்று அவருக்கு வேலை கொடுத்தது.

ஈராண்டுகளில் அவ்வேலையை விடுத்துத் தனித்து நின்று ஆராயத் தொடங்கினார். இளமையின் வேகத்தில் ஒரே சமயத்திற் பல ஆராய்ச்சிகளை மேற்கொண்டார். எதுவும் முற்றுப்பெறவில்லை, கைப்பொருள் கரைந்தது, கடன் ஏறியது, கொடிய நோயும் வந்து சேர்ந்தது. உயிர் பிழைப்பதே ஐயம் என்னும் நிலையிற் படுக்கையில் கிடந்த நாள்களில், தம் முயற்சிகள் யாவும் ஏன் வீணாயின என்று அவர் எண்ணிப் பார்த்தார். பலவற்றைத் தொட்டு விடுவதைக் காட்டிலும் பயன் விரைந்து தரும் ஒன்றைப் பற்றி நின்று முடிப்பதே தக்கது என்னும் தெளிவு பிறந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும், விளக்கொளியிலேயே புகைப்படம் அச்சிடத்தக்க ஒரு தாளை உருவாக்குவதில் முனைந்தார். அதுவே வெலாக்ஸ் என்னும் தாள். 1893-இல் யாங்கர்ஸ் என்னும் ஊரில் கூட்டாளி ஒருவருடன் அதற்கெனத் தொழிற்சாலை நிறுவினார். கதிரவன் ஒளிக்காகக் காத்திருந்து பழகிய படக்காரர்கள் தொடக்கத்தில் அத்தாளை ஏற்கத் தயங்கினர். நாளடைவில் அதன் அருமை தெரிந்தது. கோடாக்கு நிறுவனத்தை நடத்திய ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1899-இல் அத்தொழிலைப் பெருந்தொகை கொடுத்து விலைக்கு வாங்கினார். காலணி தைப்பவரின் மகன் 36-ஆம் வயதிற் பெருஞ்செல்வர் ஆனார்.

அட்சன் ஆற்றை நோக்கிய மேட்டில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். இனி வாழ்நாள் முழுதும் ஓய்ந்திருந்தாலும் குறையொன்றும் இல்லை. ஆயின் அவரோ அவ்வீட்டின் குதிரை லாயத்தைச் சீர்செய்து ஆய்வுக்கூடமாக ஆக்கினார்! மின்சார இரசாயனத்தில் தம் அறிவு பழமைப்பட்டுவிட்டது எனக் கருதி, செருமனிக்குச் சென்று ஒரு குளிர்காலம் முழுதும் மாணவரைப் போலப் பயின்று திரும்பினார்.

அவர் மனம் அடுத்துச் சென்ற இடம் அரக்கு. இங்கேதான் நம் நாடு இவ்வரலாற்றில் வருகின்றது. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சிகள் கசியவிடும் பிசினே அரக்கு. இந்தியாவின் காட்டுப் பகுதிகளில், மிகுதியும் சோட்டா நாகபுரிப் பக்கத்தில், அது திரட்டப்பட்டு உலகெங்கும் சென்றது. மரச்சாமான்களுக்கு மெருகிடுவதற்கு மட்டுமன்றி, மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் காப்புப் பொருளாகவும் அது பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரத் தொழில் பெருகப் பெருக அரக்கின் தேவையும் பெருகிற்று. ஆனால் பூச்சிகள் தொழிற்சாலையின் அவசரத்திற்கேற்ப உழைக்குமா? விலை ஏறியது. அரக்குக்கு மாற்றாக ஒரு செயற்கைப் பிசினை ஆக்குபவர் பெரும் பயன் அடைவார் என்பதை பேக்கலண்டு உணர்ந்தார்.

நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது பீனால். அதனைக் கார்பாலிக் அமிலம் என்றும் வழங்குவர். மரச்சாராயத்திலிருந்து ஆக்கப்படுவது பார்மால்டிஹைடு. இவ்விரண்டையும் கலந்தால் பிசின் போன்ற ஒரு பண்டம் உண்டாதலைச் செருமானிய அறிஞர் அடால்பு பான் பேயர் 1872-இலேயே கண்டிருந்தார். ஆனால் அவரைப் போன்ற இரசாயன அறிஞர்கள் நாடியவை பளிங்குபோல் படியும் தூய பொருள்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் வாராது, எந்தத் திரவத்திலும் கரையாது கிடந்த இக்கசடு அவர்களுக்குத் தொல்லையாகவே தோன்றியது. பேக்கலண்டு அதனை மாற்றி நோக்கினார். எதனாலும் கரைக்க முடியாத பண்டம் எத்துணைப் பயனுள்ளதாக இருக்கும்! அதனை விரும்பிய வடிவில் உறையச் செய்வது எப்படி என்பதே எஞ்சிய கேள்வி.

அக்கேள்வி எளிதன்று. பீனாலும் பார்மால்டிஹைடும் சேருங்கால் வெப்பம் வெளிப்பட்டு, கலவை கொதித்துப் பொங்கும். உள்ளே ஆவிக் குமிழிகள் தோன்றி, உறைந்த பண்டம் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்து பயனற்றுப் போகும். முன்னையோர் இதனைத் தவிர்க்க வெப்பத்தைக் குறைத்தனர். குறைத்ததால் பல நாள் காத்திருந்தும் பிசின் செவ்வையாக இறுகவில்லை. பேக்கலண்டு எதிர் வழியிற் சென்றார். 100 பாகைக்கு மேல் வெப்பத்தை உயர்த்தினார். குமிழிகள் எழாதவாறு, நன்கு மூடிய இரும்புக் கலத்தினுள் அழுத்தத்தையும் உடன் உயர்த்தினார். அழுத்தம் மிகுந்த இடத்தில் ஆவி குமிழியாகக் கிளம்ப இயலாதன்றோ? நம் பிரஷர் குக்கரில் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதித்தெழாமல் அடங்கி இருப்பதும் இவ்விதியினாலேயே.

1907-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் செய்த சோதனைகள் குறிப்பிடத் தக்கவை. அவ்வமயம் அவர் ஒரு புதுப்பொருளை வார்த்தெடுக்க முயலவில்லை. மரக்கட்டைகளுக்குள் இக்கலவையைச் செலுத்திச் சூடேற்றி, மென்மரத்தை வன்மரமாக்கவே முயன்றார். கட்டையின் மேற்பரப்பு அவர் எதிர்பார்த்த அளவு கடினமாகவில்லை. ஆனால் கட்டையினின்று கசிந்து வெளியே உறைந்த சிறுதுளிப் பிசினோ கல்லைப் போல் இறுகியிருந்தது. அத்துளியை அவர் புறக்கணிக்கவில்லை. மரத்தை விடுத்துப் பிசினைத் தொடர்ந்தார். சில நாள்களில் தம் பெயரைத் தழுவி அதற்குப் பெயரும் சூட்டினார். சூலைத் திங்கள் 13-ஆம் நாள், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அதனை ஆக்கும் முறைக்குப் பேட்டண்ட் என்னும் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் சுவின்பர்ன் என்னும் பொறியியல் அறிஞரும் இதே வழியில் முயன்று வந்தார். அவர் தம் முறைக்கு உரிமை கேட்கச் சென்றபோது, ஒரே நாள் பிந்திவிட்டதை அறிந்தார். பிற்காலத்தில் அவரே இங்கிலாந்தின் பேக்கலைட்டு நிறுவனத்திற்குத் தலைவராக அமர்ந்தார் என்பது இருவரின் பெருந்தன்மைக்கும் சான்று.

இனிக் கூறப்போவது பலர் நினைவிற் கொள்ளாத செய்தி. அவ்விரும்புக் கலத்திலிருந்து வெளிவந்த தூய பிசின் அம்பர் போல ஒளி ஊடுருவும் அழகிய பண்டம். சூட்டுக்கும் அமிலத்துக்கும் மின்சாரத்துக்கும் அஞ்சாதது. எனினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது நொறுங்கும் இயல்புடையது. அழுத்தினால் தாங்கும்; தட்டினால் உடையும். கைதவறிக் கீழே விழும் தொலைபேசிக்கும், நாள்தோறும் திருகப்படும் சுவிச்சுக்கும் இத்தகைய பண்டம் என் செய்யும்? மேலும் உறையும்போது அது சுருங்கும். சுருங்கும்போது தடித்த பகுதிகளில் வெடிப்புக் காணும்.

இக்குறைக்குப் பேக்கலண்டு கண்ட மருந்து மரத்தூள். பிசின் முற்றும் இறுகுவதற்கு முன், அதனோடு மாவுபோல் அரைத்த மரத்தூளைக் கலந்தார். பஞ்சிழை, கல்நார் ஆகியவற்றையும் கலந்து பார்த்தார். எந்த மரத்தைப் பிசினால் வலுப்படுத்த முயன்றாரோ, அம்மரமே தூளாகி வந்து பிசினை வலுப்படுத்தியது! அவர் புகழைப் பேசுவோர் பெரும்பாலும் அழுத்தக் கலத்தையே சிறப்பித்துப் பேசுவர். மரத்தூளுக்கும் அதற்கு ஒப்பான இடம் உண்டு என்பது எம் கருத்து. அஃது இன்றேல் பேக்கலைட்டு அழகிய மணிகளாகவும் குடைப் பிடிகளாகவும் மட்டும் நின்றிருக்கும்.

மரத்தூள் இதனை எவ்வாறு செய்கின்றது? நம் சிற்றூர்களில் மண்சுவர் எழுப்புவோரைக் காணுங்கள். களிமண்ணை மட்டும் அப்பினால் காய்ந்தவுடன் அது பாளம்பாளமாக வெடிக்கும். ஆகையால் வைக்கோலை நறுக்கி இட்டு மிதித்துப் பிசைவர். சுண்ணாம்பைத் தனியே பூசினாலும் வெடிக்கும்; மணலைச் சேர்த்துச் சாந்தாக அரைத்தே பூசுவர். வைக்கோல் இழை, மணல் துகள். இரண்டும் செய்யும் உதவி சிறிது வேறுபடும். துகள்கள் சுருங்காதவையாதலால், சுருங்கும் பொருளின் அளவைக் குறைத்து வெடிப்பைத் தடுக்கின்றன, தேய்மானத்தையும் தாங்குகின்றன. இழைகளோ விரிசலை மறிக்கின்றன. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் அது தடையின்றி ஓடி மறுபுறம் சேரும். இழை கலந்த பொருளில் ஓடும் விரிசல், குறுக்கே கிடக்கும் இழையைக் கண்டதும், அதனை அறுத்தல் வேண்டும், அல்லது சுற்றிச் செல்லுதல் வேண்டும், அல்லது பிசினினின்று அதனைப் பிடுங்குதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வலு செலவாகும். விரிசல் இடையிலேயே ஓய்ந்துவிடும். மரத்தூளின் ஒவ்வொரு துகளும் நுண்ணிய இழைகளின் கட்டு ஆதலால், அது துகளின் தொழிலையும் ஓரளவு இழையின் தொழிலையும் ஒருங்கே செய்தது. பிசின் தன் பங்குக்கு இழைகளை அசையாது பிணைத்து, ஒன்றின் மீது விழும் பளுவைப் பலவற்றிற்கும் பகிர்ந்தளித்தது.

இதில் மற்றுமொரு நன்மை. மரம் அறுக்கும் ஆலைகளின் கழிவே மரத்தூளுக்கு மூலப்பொருள். பிசினைவிட மிக மலிவானது. வார்ப்புத் தூளின் எடையில் ஏறத்தாழப் பாதி மரத்தூளாகவே இருந்தமையால், பொருள் வலிமை பெற்றதோடு விலையும் இறங்கியது. கலப்படம் என்றால் தரம் குறையும் என்று எண்ணுகிறோம். இங்கே கலப்பினால் தரம் உயர்ந்தது.

ஆக்கும் முறையும் எளிதாயிற்று. பேக்கலண்டு பிசினின் நிலைகளை மூன்றாகப் பகுத்திருந்தார். முதல் நிலையில் அது கரையும், உருகும். இடைநிலையில் சூட்டால் இளகும், ஆனால் ஓடாது. இறுதி நிலையிலோ இளகவும் செய்யாது. மெழுகை எத்தனை முறையும் உருக்கலாம். சூளையிலிட்ட செங்கல்லை மீண்டும் களிமண்ணாக்க இயலாது. பேக்கலைட்டு செங்கல்லின் இனம். மரத்தூள் கலந்த பிசினை முற்றாத நிலையிலேயே நிறுத்தித் தூளாக்கி, தொழிற்சாலைகளுக்கு விற்றனர். அங்கே சூடேறிய எஃகு அச்சில் அத்தூளை இட்டு அழுத்தினால் அது இளகி மூலைமுடுக்கெல்லாம் பரவி, சில நிமிடங்களில் இறுகிவிடும். வெளியே எடுக்கும்போதே பளபளப்பும், திருகாணிக்குரிய துளைகளும், எழுத்துகளும் அமைந்திருக்கும். கடைசலோ மெருகோ வேண்டுவதில்லை. தச்சர் நாள் முழுதும் செதுக்க வேண்டிய வேலையை அச்சு ஒரே அமுக்கில் முடித்தது.

1909 பிப்ரவரித் திங்களில், நியூயார்க்கில் கூடிய இரசாயன அறிஞர்களின் முன்னிலையில் தம் கண்டுபிடிப்பை அவர் வெளியிட்டார். உரிமையைப் பிறருக்கு அளித்துவிட்டுத் தாம் ஆய்விலே ஈடுபடுவதே அவர் எண்ணம். ஆனால் உரிமை பெற்றவர்களோ, இரப்பரையும் செலுலாயிடையும் கையாண்ட பழைய வழக்கப்படியே இதனையும் கையாண்டு கெடுத்தனர். வேறு வழியின்றி 1910-இல் தாமே நிறுவனம் தொடங்கினார். போட்டியாளர் சிலர் சிறு மாற்றங்களுடன் அதே பொருளை விற்கத் தொடங்கவே, வழக்குகள் ஆண்டுக் கணக்கில் நடந்தன. தீர்ப்புத் தமக்குச் சார்பாக அமைந்தபின், தோற்றவர்களை அழித்தொழிக்காது, 1922-இல் அவர்களையும் இணைத்துக்கொண்டு ஒரே நிறுவனமாக நடத்தினார்.

மரத்தூளோடு இக்கலை நின்றுவிடவில்லை. தாள்களையும் துணிகளையும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்துச் சூட்டோடு அழுத்தினால், நீண்ட இழைகள் இடையறாது ஓடும் வலிய பலகை கிடைத்தது. துணியடுக்குப் பலகையிலிருந்து பற்சக்கரங்களும் வெட்டினர். இரும்புச் சக்கரங்களைப் போல் அவை ஓசையிடவில்லை. மோட்டார் வண்டிகளில் இடம்பெற்றன. மின்காப்புக்குப் பயன்பட்ட அபிரகம் என்னும் மைக்காவுக்கு மாற்றாக இத்தகைய அடுக்குப் பொருளைச் செய்ய 1913-இல் தோன்றிய தொழிலே பார்மைக்கா. மேசைப் பலகைகளின் மேல் ஒட்டப்படும் அத்தகட்டில் இன்றும் பிசினில் தோய்ந்த தாளடுக்குகளே உள்ளன. மிகு வெப்பம் தாங்க வேண்டிய இடங்களுக்குக் கல்நார் கலந்தனர். கல்நார்த் தூசி நுரையீரலுக்கு எமன் என்பது பின்னாளில் உறுதிப்பட்டு, நாடுகள் பலவும் அதனை விலக்கிவிட்டன. பேக்கலைட்டின் மற்றொரு குறை அதன் பெருமையிலேயே அடங்கியிருந்தது. உருகாத பொருளை உருக்கி மறுபடியும் வார்ப்பது எங்ஙனம்? உடைந்த கைப்பிடி உடைந்ததுதான். நிறத்திலும் அது கறுப்பு, பழுப்பு போன்ற கருநிறங்களையே பெரும்பாலும் ஏற்றது; வண்ணப் பிளாஸ்டிக்குகள் வந்தபின் பல இடங்களை அவற்றிற்கு விட்டுக்கொடுத்தது. சூட்டருகே மட்டும் அதன் ஆட்சி குலையவில்லை.

பேக்கலண்டுக்குச் சிறப்புகள் பல வந்தன. 1916-இல் பெர்க்கின் பதக்கம் கிடைத்தது. 1924-இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் தலைமைப் பதவி வந்தது. எனினும் அவர் எளிய பழக்கங்களையே விரும்பினார். பணம் குவிந்திருந்தும் தகரக் குவளையில் அடைத்த உணவைத் திறந்து உண்பார். வெள்ளை உடையும் துணிக்காலணியும் அணிந்து திரிவார். நாட்குறிப்பு எழுதும் வழக்கம் மட்டும் மாறவில்லை. 60-க்கும் மேற்பட்ட ஏடுகளை எழுதி நிரப்பினார். 1939-இல் தம் நிறுவனத்தை யூனியன் கார்பைடு நிறுவனத்திற்கு விற்று ஓய்வு கொண்டார். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், நியூயார்க்கு மாநிலத்துப் பீக்கன் என்னும் ஊரில், 80-ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

யாங்கர்சில் அவர் பயன்படுத்திய இரும்புக் கலம் இன்று வாஷிங்டன் நகரப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது. முட்டை வடிவம், தடித்த மூடி, சுற்றிலும் மறைகள். அவருடன் பணியாற்றியோர் அதற்கு நம்பிக்கைக்குரிய பழைய தோழன் என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். புதிய ஆலை எழும்வரை, விற்பனைக்குச் சென்ற பேக்கலைட்டு முழுவதும் அந்த ஆய்வுக்கூடத்திலேயே விளைந்தது.